மணல் வாளி

அம்மா ஹீட்டரின் மேல் உள்ளங்கையை வைத்தாள். எடுத்து, கோட்டில் துடைத்துக்கொண்டு, மறுபடி வைத்தாள். வெளியே பனியில் நடந்து வந்த கை, அதனால்தான் சூடு தெரியவில்லை என்று நினைத்தாள் போல. பிறகு முட்டிபோட்டு, கன்னத்தையே அந்தத் தகரத்தின் மேல் சாய்த்தாள். நான் அறை வாசலில் நின்றிருந்தேன். அவள் முகம் மாறியதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஜில்லுன்னு கெடக்குடி ஷீனா. மீன் பொட்டி மாதிரி."

ஹீட்டருக்குப் பக்கத்தில் காலியான தொட்டில் இருந்தது. முதியோர் இல்லத்தில் ராத்திரி வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தாள் அம்மா. பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. அன்று மதியத்துக்குள் நர்ஸ் லோர்னா வந்து அந்த அறையைப் பார்ப்பதாக இருந்தது. அறை சூடாக இருந்தால் என் அக்கா கிர்ஸ்டினின் குழந்தை எய்லி, இன்வர்னஸ் ஆஸ்பத்திரியிலிருந்து முதல் முறையாக வீட்டுக்கு வரும்.

எய்லி நாள் ஆவதற்கு முன்பே பிறந்துவிட்டவள். நுரையீரல் இன்னும் தேறவில்லை. ராத்திரியும் பகலும் ஒரே மாதிரிச் சூடுள்ள அறை வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எங்களிடம் அப்படி ஓர் அறை இருந்ததே இல்லை. குழாய் எரிவாயு எங்கள் ஊர் ஹெல்ம்ஸ்டேல் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. குளிர்காலம் முழுவதும் சமையலறையில் ஒரு காற்று ஹீட்டரைச் சுற்றி உட்கார்ந்திருப்போம். மற்ற அறைகளுக்குப் போர்வை போர்த்திக்கொண்டு போய் வருவோம். அந்தக் குட்டி ஹீட்டருக்கே மின்சார மீட்டரில் முன்பணமாகப் போட்ட காசு கண்ணெதிரில் கரையும். எங்களால் முடியாவிட்டால் தெற்கே, பெர்த் நகரத்தில் இடம் தயாராக இருந்தது, ஈவனின் அம்மா வீட்டில். ஈவன்தான் குழந்தையின் தகப்பன். கடலுக்கு நடுவில் எண்ணெய் மேடையில் இருக்கிறான், போனை எடுப்பதில்லை. அவன் அம்மா எடுப்பாள், முதல் மணியிலேயே. "எங்க வீட்ல பாத்ரூம்கூட கதகதன்னு இருக்கும்" என்பாள். குழந்தை அங்கே போனால் அக்காவும் போக வேண்டியதுதான். போனால் திரும்பி வருவாளா என்று எங்களில் யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

அதனால்தான் அம்மா செங்கல் ஹீட்டருக்குச் சம்மதித்தாள். வீட்டு வாடகை அலுவலகத்தில் இரண்டு வழி சொன்னார்கள். பழையபடி எந்நேரமும் ஒரே கட்டணம். அல்லது ராத்திரி மலிவு, பகலில் முன்பைவிட அதிகம். இரண்டாவதை எடுத்தால் ராத்திரி மின்சாரத்தில் செங்கல்லைச் சூடாக்கி வைத்துக்கொண்டு பகலெல்லாம் அந்தச் சூட்டை விடும் ஹீட்டரைப் பொருத்தித் தருவார்கள். பக்கத்து வீட்டு ஜெஸ்ஸி ஆன் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"ராத்திரி தொவச்சு, ராத்திரி சமைச்சு, நீங்க பேய்க் குடும்பமா ஆயிடுவீங்க ரோனா."

"ராத்திரி முழிச்சிருக்கிறவதானே நானு? பேய்க்கு சம்பளமாவது தர்றாங்களே" என்றாள் அம்மா.

ரோடு பனியில் மூடியிருந்ததால் ஹீட்டர் வந்து சேர்ந்ததே நேற்றுதான். இரண்டு பேர் செங்கல்லை ஒவ்வொன்றாகச் சுமந்து வந்தார்கள். அப்பா, இடுப்பு போன பிறகு வேலை இல்லாதவர், நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். "வீட்டுக்குள்ள செவரு கட்டப் போறீங்களா தம்பி?" என்றார்.

"இது ராத்திரி தின்னும் மாமா, பகல்ல கக்கும். அவ்ளோதான் இதோட பொழப்பு. மொத ராத்திரி கொஞ்சம் கருகின வாடை வரும். புதுசுன்னா அப்படித்தான். பயப்படாதீங்க" என்றான் அவர்களில் இளையவன்.

அம்மா வேலைக்குக் கிளம்பும்போது ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துச் சொன்னாள், "இந்த சுவிட்சு மேல யாரும் கை வைக்கக் கூடாது."

இப்போது அம்மா தரையில் குனிந்து, சுவரோரமிருந்த அந்தச் சுவிட்சைப் பார்த்தாள். அணைந்திருந்தது. யார் என்று அவள் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அதைக் கேட்க வேண்டியதில்லை. படுக்கப் போகுமுன் அப்பா ஒரு சுற்று வருவார். டிவி, கெட்டில், துவைக்கும் மெஷின், விளக்கு, எல்லாவற்றின் சுவிட்சும் சுவரிலேயே அணைய வேண்டும். அந்தக் கிளிக் கிளிக் கேட்டால்தான் எனக்குத் தூக்கமே வரும். அவர் வேலை பார்த்த படகில், எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தபோது எஞ்சின் அறை வயர் பற்றிக்கொண்டது. அப்பா தண்ணீரில் குதித்தார். அவரோடு வேலை பார்த்த சேண்டி மாமா வெளியே வரவில்லை. அதைப் பற்றி அப்பா பேசியதில்லை. சுற்று வருவார், அவ்வளவுதான்.

அவர் சமையலறையில் ஓட்ஸ் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"மர்டோ, நேத்து ராத்திரி அத அணைச்சியா?"

கரண்டி நின்றது. "அணைச்சேன்."

"தொடாதேன்னு சொல்லிட்டுத்தானே போனேன்?"

"சொன்ன. நானும் தொடாமத்தான் போய்ப் படுத்தேன். அப்புறம் வாடை வந்துது ரோனா. கருகுற வாடை. பொண்ணுங்க ரெண்டும் தூங்குதுங்க. வரும்னு அந்தப் பையன் சொன்னது ஞாபகத்துல இருக்கு. ஆனா காலு எந்திரிச்சு நடக்குது. நான் என்ன பண்ணட்டும்?"

அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். அந்த ஹீட்டரின் கொடுமையே அதுதான். ராத்திரி வாங்காத சூட்டைக் காலையில் எந்த விலைக்கும் அதிலிருந்து வாங்க முடியாது. மலிவு நேரம் முடிந்துவிட்டது. இனி அது வெறும் செங்கல்.

அம்மா மின்சார ஓவனைப் போட்டு அதன் கதவைத் திறந்து வைத்தாள். காற்று ஹீட்டரைத் தொட்டிலின் பக்கத்துக்கு இழுத்துப் போனாள். ஜெஸ்ஸி ஆன் தன்னுடையதையும் தூக்கிக்கொண்டு, நைட்டியோடு, பனியில் ஓடி வந்தாள். பகல் கட்டணத்தில் எல்லாம் ஓடியது. மீட்டர் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா ஒரு போர்வையைச் சுருட்டி ஜன்னல் இடுக்கில் திணித்தாள். திணித்துக்கொண்டே அழுதாள். நான் கதவுக்கடியில் துண்டு வைத்தேன். அப்பா எல்லோருக்கும் இடைஞ்சலாக நடைபாதையில் நின்றார். எந்தப் பக்கம் ஒதுங்கினாலும் யாராவது அவர்மேல் மோதினோம்.

லோர்னா வந்தபோது அறை சூடாகவே இருந்தது. கையில் கொண்டு வந்த வெப்பமானியைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள். அக்கா என் கையைப் பிடித்தாள். லோர்னா கையுறையைக் கழற்றி, தொட்டிலுக்குப் பின்னாலிருந்த சுவரில் கை வைத்தாள். அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

"காத்து சூடாத்தான் இருக்கு. செவரு ஐஸா இருக்கே கிர்ஸ்டின்."

காற்று ஹீட்டர்கள் இரண்டும் இரைந்தன.

"நான் போனதும் இதையெல்லாம் அணைச்சிருவீங்க, இல்லையா?" அவள் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

"ஹீட்டர் மேல தப்பு இல்லம்மா" என்றார் அப்பா வாசலிலிருந்து. "நான்தான் ராத்திரி அணைச்சுட்டேன்."

"ஏங்க?"

அப்பா தரையைப் பார்த்தார். சேண்டி மாமா பெயரைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

லோர்னா கையுறையை மாட்டிக்கொண்டாள். "நாளைக்குக் காலைல விக் டவுன்லேருந்து திரும்புற வழியில இன்னொரு தடவ வர்றேன். அதுக்கு மேல என் கையில இல்ல. ஆஸ்பத்திரியில அந்த எடத்துக்கு வேற கொழந்த காத்துக்கிட்டிருக்கு. பெர்த் அட்ரஸ் அவங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு."

அவள் வண்டி பாலம் தாண்டும் வரை அக்கா ஜன்னலில் நின்றாள். பிறகு திரும்பினாள்.

"எம்புள்ளய விட ஒங்க பயம் பெருசாப்பா?"

"கிர்ஸ்டின்!" என்றாள் அம்மா.

"இல்ல, சொல்லட்டும். நாளைக்கு நாங்க ட்ரெயின் ஏறிப் போயிட்டா நிம்மதியா எல்லாத்தயும் அணைச்சுட்டுத் தூங்குவாருல்ல?"

அப்பா கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார். சாப்பாட்டு நேரம் தாண்டியும் வரவில்லை. ஜெஸ்ஸி ஆன் வேலி மேலாக எட்டிப் பார்த்து, "ஒங்க வீட்டுக்காரரு கடற்கரையில ஒக்காந்து மண்ணு விளையாடுறாரு ரோனா. அந்த இடுப்ப வச்சுக்கிட்டு!" என்றாள். அம்மா சிரிக்கவில்லை. இருட்டும் நேரத்தில்தான் வந்தார். படகுகளில் தீயணைக்க மணல் நிரப்பி வைத்திருக்கும் பழைய இரும்பு வாளி ஒன்றைத் தூக்கி வந்தார். இரண்டு அடிக்கு ஒரு தரம் கீழே வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கினார். வாளி நிறைய ஈர மணல். நான் பிடிக்கப் போனபோது தலையை ஆட்டினார்.

அம்மாவுக்கு அன்றும் ராத்திரி வேலை. விடுப்புக் கேட்டால் அந்தச் சம்பளம் போகும். அந்தச் சம்பளத்தைக் காலையிலேயே மீட்டர் விழுங்கியிருந்தது. கிளம்பும்போது சுவிட்சைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

அப்பா சமையலறை நாற்காலியைத் தூக்கி வந்து தொட்டிலுக்கும் ஹீட்டருக்கும் நடுவில் போட்டார். வாளியைப் பக்கத்தில் வைத்தார். வீட்டில் மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். போய்ப் படு என்று அவர் சொல்லவில்லை. கடற்காற்று கூரையில் இரைந்தது. மலிவு நேரம் தொடங்கியபோது ஹீட்டருக்குள் ஏதோ ஒன்று மெல்ல உறுமியது. அப்பாவின் தோள் துள்ளியது. கொஞ்ச நேரத்தில் வாடை வந்தது. தூசி கருகுவது போல, சூடான வார்னிஷ் போல. விளக்கில்லாத அறையிலும் அவர் நெற்றி வேர்வையில் மின்னுவது தெரிந்தது. நாற்காலி ஒரு தரம் கிரீச்சிட்டது. பாதி எழுந்தவர் அப்படியே நின்றார்.

அக்கா கதவைத் திறந்தாள். தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ஏதோ கருகுது."

"ஒண்ணுமில்லம்மா." அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "புதுசுன்னா... அப்படித்தான் வருமாம். பயப்படாத."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே வந்து, தொட்டிலின் அடியில் தலையணையைப் போட்டுப் படுத்தாள். அவள் மூச்சு சீராகும் வரை அப்பா அசையவில்லை. பிறகு மெதுவாக உட்கார்ந்தார். அவருடைய இடது கை தொட்டிலின் கம்பியைப் பிடித்திருந்தது. வலது கை, சுவிட்ச் பக்கம் இருந்த கை, வாளிக்குள், மணிக்கட்டு வரை அந்தக் குளிர்ந்த மணலில் புதைந்திருந்தது.