ஆடிச் சீரும் அறுபத்தொன்றாவது பெயரும்

அக்னஸ் டீச்சருக்கு ஒரு வியாதி உண்டு. பயம் வந்தால் சிரிப்பு வந்துவிடும். சொந்த நிச்சயதார்த்தத்தில் சிரித்தார். மாமனார் இறந்த வீட்டில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார். கீழச்செம்பியூர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்குத் தலைமையாசிரியையாக வந்து பதினோரு வருடமாகிறது, ஊருக்கு அந்தச் சிரிப்பு பழகிப்போய்விட்டது. கல்வி அலுவலருக்குத்தான் பழகவில்லை.

ஜூலை நடுவில் அவர் கூப்பிட்டு உட்கார வைத்து இரண்டு காகிதங்களை நீட்டினார். ஒன்று பாராட்டுச் சான்றிதழ். ஒன்றியம் முழுக்க நடந்த வாசிப்புத் தேர்வில் கீழச்செம்பியூர்ப் பிள்ளைகள் முதலிடம். மற்றொன்று எச்சரிக்கை. ஆகஸ்ட் ஒன்றாம் தேதிக் கணக்கில் பிள்ளைகள் அறுபதைத் தாண்டவில்லை என்றால் மூன்றாவது ஆசிரியர் உபரி, வேறு பள்ளிக்கு மாற்றம். பள்ளியில் இருந்தது சரியாக அறுபது பேர். அந்த மூன்றாவது ஆசிரியை ஷோபனா. அறுபது பிள்ளைகளையும் எழுத்துக்கூட்டாமல் வாசிக்க வைத்தவளே அவள்தான்.

நன்றாகப் படித்தால் காகிதம் கொடுப்பார்களாம், ஆளும் பணமும் மட்டும் தலையை எண்ணித்தான் கொடுப்பார்களாம். இதைக் கேட்கத்தான் அக்னஸ் வாயைத் திறந்தார். வெளியே வந்தது சிரிப்பு.

“இதுல சிரிக்க என்ன இருக்கு மேடம்?”

“ஒண்ணுமே இல்ல சார்,” என்று சொல்லிவிட்டு இன்னும் சிரித்தார்.

“ஒரே ஒரு பிள்ளை போதும். அறுபத்தொண்ணு காட்டுங்க, அந்த டீச்சர் உங்ககிட்டயே இருக்கட்டும். ஆனா இல்லாத பிள்ளையை மட்டும் எழுதிடாதீங்க.”

இரண்டு வாரம் அக்னஸும் ஷோபனாவும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். ஊரில் இருந்த பிள்ளைகள் ஒன்று இவர்கள் பள்ளியில் இருந்தார்கள், இல்லையென்றால் டவுனிலிருந்து வரும் மஞ்சள் வேனில் ஏறிப் போனார்கள். மிச்சம் இருந்தது ஒரு கர்ப்பிணிதான். “அஞ்சு வருசம் பொறுங்க டீச்சர், கண்டிப்பா உங்ககிட்டதான்,” என்று அவள் வாக்குக் கொடுத்தாள். திரும்பி வரும் வழியில் ஷோபனா வாய்க்கால் மதகில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து அக்னஸ் சிரித்தார். அவருக்கு அவ்வளவு பயமாக இருந்தது.

இதற்கு நடுவில்தான் சீர் பேச்சு கிளம்பியது. பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி அம்சம் போட்ட யோசனை அது. நடவு வேலைக்குப் போகிறவள், இரண்டு பிள்ளைகளையும் இங்கேதான் படிக்க வைக்கிறாள். “ஆடி மாசம் கட்டிக்குடுத்த பொண்ணு வீட்டுக்குச் சீர் போவுதுல்ல? ஒண்ணாவதா வந்த பள்ளிக்கூடத்துக்கு ஊரு சீர் செஞ்சா என்ன கொறஞ்சா போயிரும்?” என்று கூட்டத்தில் கேட்டாள். எல்லோரும் கை தட்டினார்கள். உரக்கடை இராஜாங்கம் எல்லோரையும்விட ஓங்கித் தட்டினார்.

இராஜாங்கம் கெட்டவர் இல்லை, மாலை என்றால் கழுத்தை நீட்டிவிடுவார், அவ்வளவுதான். பீரோ என் செலவு, மேளம் என் செலவு, முதல் தட்டு நான்தான் தூக்குவேன் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அவருடைய மகள் ஸ்ம்ருதி மூன்றாம் வகுப்பு. போவது மஞ்சள் வேனில். அக்னஸ் இரண்டு முறை அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டாகிவிட்டது. இரண்டு முறையும் காபி கொடுத்து, பாப்பா இங்கிலீஷ் மீடியம்லயே படிக்கட்டும் டீச்சர், என்று முடித்துவிட்டார்.

ஜூலை முப்பத்தொன்று காலை எட்டரைக்கு மேளம் முழங்கியது. முன்னால் இரண்டு பேர் ஃபிளக்ஸைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அதன் பாதியை இராஜாங்கத்தின் முகம் அடைத்துக்கொண்டிருந்தது. அடுத்து ஜரிகைத் தலைப்பாகையோடு, முதல் தட்டோடு, இராஜாங்கமே வந்தார். பின்னால் ஊரே தட்டு தூக்கி வந்தது. பழம், நோட்டு, பென்சில், சாக்பீஸ், குடம், துடைப்பம். பிறகு சுவர்க் கடிகாரம். இன்னொரு சுவர்க் கடிகாரம். சீர், மொய் என்றாலே இந்த ஊருக்குக் கை தானாகக் கடிகாரத்தின்மேல்தான் போகும். மொத்தம் ஒன்பது. வகுப்பறை இருந்தது மூன்று.

நான் கேட்டது ஒரு பிள்ளை, ஊர் கொடுப்பது ஒன்பது கடிகாரம், என்று நினைத்ததும் அக்னஸுக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. வாசலில் நின்றபடி உதட்டைக் கடித்துக்கொண்டார்.

ஊர்வலத்தின் கடைசியில் பீரோ ஏற்றிய லோடு ஆட்டோ. அதற்கும் பின்னால், முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் போக முடியாமல், மஞ்சள் வேன். டிரைவர் லியோ ஹாரன் அடித்துப் பார்த்தான். மேளக்காரர்கள் அதையும் தாளத்தில் சேர்த்துக்கொண்டார்கள். வேனுக்குள் ஐந்து பிள்ளைகள் ஜன்னலில் தொங்கினார்கள். தெருத் தோழி பர்வின் கீழே தாம்பாளத்தோடு ஆடிக்கொண்டு போவதைப் பார்த்ததும் ஸ்ம்ருதிக்குப் பொறுக்கவில்லை. கதவைத் திறந்து குதித்தாள். மற்ற நாலும் பின்னாலேயே குதித்தன.

பள்ளி வாசலில் அம்சம் ஆரத்தித் தட்டோடு வழியை மறித்து நின்றாள். மேளம் நின்றது.

“அண்ணே, நில்லுங்க. மொதத் தட்டு பொண்ணு கைக்குத்தான் போவணும். அதானே மொறை? உங்க பொண்ணு இங்க யாரு?”

“இதென்ன அம்சம், எல்லாப் புள்ளையும் நம்ம புள்ளைதானே?” என்றார் இராஜாங்கம்.

“அது மேடையில பேசறது. நம்ம பொண்ணு இல்லாத வீட்டுக்கு எவனாச்சும் சீர் தூக்கிட்டுப் போவானா?”

கூட்டத்தில் யாரோ ஓவென்று கூவினார்கள். இராஜாங்கம் திரும்பிப் பார்த்தார். தலைமுடியெல்லாம் பூவிதழாக, மூச்சு வாங்கிக்கொண்டு, பர்வினோடு கைகோர்த்தபடி ஸ்ம்ருதி நின்றாள். அவருக்கு உயிர் வந்தது.

“இந்தா, நிக்குது பாரு என் பொண்ணு! வா பாப்பா. அப்பா பேரு எவ்வளவு பெருசா போட்டிருக்கு பாத்தியா? எல்லாருக்கும் கேக்குற மாதிரி படி.”

ஸ்ம்ருதி ஃபிளக்ஸை மேலும் கீழும் பார்த்தாள். கொஞ்சமும் வெட்கமில்லாமல், “அப்பா, அந்த அ எனக்குத் தெரியும். மீதியெல்லாம் தமிழ்ல இருக்கேப்பா,” என்றாள். பிறகு தோழியின் தோளைத் தட்டி, “நீ சொல்லு,” என்றாள்.

இதே பள்ளியில் இரண்டாம் வகுப்புப் படிக்கும் பர்வின் மூச்சு விடாமல் வாசித்தாள். “அன்புடன் வரவேற்கிறோம். ஏழைகளின் தோழர், உழவர்களின் நண்பர், கல்விக் காவலர், கொடை வள்ளல், எங்கள் அண்ணன் இராஜாங்கம் அவர்கள் வழங்கும் ஆடிச் சீர்.” அதோடு விடவில்லை. கீழே ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் செல்போன் எண்ணையும்கூடச் சேர்த்து வாசித்துவிட்டுத்தான் நிறுத்தினாள்.

இராஜாங்கம் தன் முகத்தையே அண்ணாந்து பார்த்தார். ஊருக்கே தெரிந்த தன் பெயரை, தான் பெற்ற பெண்ணுக்கு அடுத்த வீட்டுப் பிள்ளை படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த நேரம் பார்த்துத்தான் அக்னஸின் சிரிப்பு அணையை உடைத்தது. கையால் பொத்தினார், தூணைப் பிடித்தார், நிற்கவில்லை. கெடுத்தேனே, கெடுத்தேனே, என்று மனம் அடித்துக்கொண்டது. ஷோபனா கண்ணை மூடிக்கொண்டாள்.

“சிரிங்க டீச்சர், நல்லா சிரிங்க,” என்றார் இராஜாங்கம். முகம் சிவந்திருந்தது. “வருசம் முப்பதாயிரம் கட்டறேன். அதுக்கு ஒரு அ.”

தலைப்பாகையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். முதல் தட்டை மகள் கையில் வைத்தார்.

“பொண்ணைக் குடுத்தாச்சு. இப்ப மொறை சரியா அம்சம்?”

“இப்ப சரி,” என்று அம்சம் ஆரத்தியைச் சுற்றினாள். மேளக்காரர்கள் யாரும் சொல்லாமலே பிய்த்து உதறினார்கள்.

உள்ளே சேர்க்கைப் பதிவேட்டில் இராஜாங்கமே கையெழுத்துப் போட்டார். வேன் பள்ளிக்கும் அவரே போன் பண்ணி, மகள் பெயரை அவர்கள் கணக்கிலிருந்து இணையத்தில் விடுவிக்கச் சொல்லிக் கத்தினார். பதினொன்றே முக்காலுக்கு ஷோபனாவின் போனில் பள்ளிக் கணக்கு அறுபத்தொன்று என்று விழுந்தது. அவள் அந்த எண்ணையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்ததால் அக்னஸ்தான் கல்வி அலுவலரை அழைத்தார். அந்த நேரம் லியோ வாசலில் வந்து நின்றான்.

“டீச்சர், காலையிலேருந்து கெஞ்சறேன், மத்த நாலும் வேன்ல ஏற மாட்டேங்குது. பீரோவுக்குள்ள பூந்துகிட்டு இருக்கு. வந்து சொல்லுங்க டீச்சர்.”

“ஹலோ, சொல்லுங்க மேடம்,” என்றது போன்.

“சார், அறுபத்தொண்ணு...” என்று ஆரம்பித்தார் அக்னஸ். மேசையில் அடுக்கியிருந்த முதல் கடிகாரம் பன்னிரண்டு அடிக்கத் தொடங்கியது. அது முடிவதற்குள் இரண்டாவது, பிறகு மூன்றாவது. ஒன்பதும் ஒன்பது நேரம் காட்டி, ஒன்பது பாட்டுப் பாடின.

“என்ன மேடம் அங்க சத்தம்? இப்பவும் சிரிக்கிறீங்களா?”

அப்போதுதான் அக்னஸ் கவனித்தார், தான் சிரிக்கவில்லை. கன்னம் இரண்டும் நனைந்திருந்தன. வாழ்நாளில் முதல் தடவையாகப் பயமே இல்லை.

“இல்ல சார்,” என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “இன்னைக்குதான் சார் அழுவறேன்.”