தவசிமணி கொஞ்சம் அதிகமாக வந்த சாயங்காலம்

பேச்சிக்கனியின் புருஷன் தவசிமணி தினமும் சாயங்காலம் தோகாவிலிருந்து யூஎஸ்பி கேபிள் வழியாகத்தான் வீட்டுக்கு வருவான். வேலை முடிந்து அந்த முனையில் இறங்கினால், விளக்கு போடுகிற நேரத்துக்கு வள்ளியூரில் இந்த முனையில் ஏறிவிடலாம். நீளமான கேபிள் என்பதால் வருகிற வழியில் ஆள் தேய்ந்துபோவான். அதற்காக வீட்டுக்குச் சற்று முன்னால், ஒரு சின்ன போர்டில் சிப் ஒன்று உட்கார்ந்திருக்கும். தேய்ந்து வருகிறவனை நிமிர்த்தி, தூசி தட்டி உள்ளே அனுப்பும்.

அந்த சிப் கருகிப்போனது. அன்றைக்கு அவனுடைய இருமலும் சட்டைக் காலரும் மட்டுமே வந்து சேர்ந்தன. பேச்சிக்கனி காலரைத் துவைத்துத் திருப்பி அனுப்பினாள்.

மகள் முத்தரசி நிற்கப் பழகிவிட்டாள். அவளுடைய முதல் அடியைத் தவசிமணி பார்க்க வேண்டும். பிள்ளை சுவரைப் பிடித்து எழும்பும்போதெல்லாம், "அப்பா வரட்டும், உக்காரு தாயி" என்று பேச்சிக்கனி பிடித்து உட்காரவைத்துக்கொண்டிருந்தாள்.

"பழைய சிப் இப்ப வாரதில்லம்மா. இது அதுக்குத் தம்பி. கால் எல்லாம் அப்படியே பொருந்தும்" என்று கடைக்கார ஜெபராஜ் அண்ணாச்சி ஒன்றைக் கொடுத்தார். பேச்சிக்கனி கல்யாணத்துக்கு முன்னால் சர்க்யூட் போர்டு கம்பெனியில் வேலை பார்த்தவள். பழையதைச் சூடுகாட்டி எடுத்துவிட்டுப் புதியதைப் பற்றவைத்தாள். பழைய சிப்பில் ஒரு கம்பிக் கால் எதிலும் சேராமல் சும்மா இருந்தது. இதிலும் சும்மா விட்டாள்.

சாயங்காலம் தவசிமணி வந்தான். வந்துகொண்டே இருந்தான். தோள்கள் இரண்டு சுவரிலும் முட்டின. "ஏ புள்ள" என்று ரகசியமாகத்தான் கூப்பிட்டான். அலமாரித் தட்டுகள் கீழே இறங்கின.

"மூச்ச மெதுவா விடுங்க. ஓடு பறக்கு."

"நான் கொஞ்சம் அதிகமா வந்துட்டேனோ?"

"கல்யாணத்தன்னைக்குக்கூட இவ்வளவு இல்ல."

முத்தரசி வீறிட்டாள். அவளைத் தூக்க அவன் நீட்டிய கட்டைவிரலே அவளைவிடப் பெரிதாக இருந்தது. விரலை மடக்கிக்கொண்டு வந்த வழியே போனான்.

எல்லாம் சிப்பின் அந்தச் சேர்க்காத காலால் வந்தது. அதைச் சும்மா விட்டால் பழைய சிப் பாதி வேகத்தில் தள்ளும். புதியது முழு வேகத்தில் தள்ளும், ஆள் ஊதிப்போவான். மறுநாள் பேச்சிக்கனி அந்தக் காலில் ஒரு சின்ன ரெசிஸ்டரைச் சேர்த்து வேகத்தைக் குறைத்தாள். தலைவாரிப் பூ வைத்துக்கொண்டாள். பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டுக் கேபிளைச் சொருகினாள்.

முத்தரசி எழும்பினாள். உக்காரு என்று சொல்வதற்குள் சுவரை விட்டுவிட்டாள். ஒரு அடி. இன்னொரு அடி. புதிய சிப் இரண்டு பக்கமும் தள்ளும் போலிருக்கிறது. அடுத்த அடியில் கேபிளுக்குள் போய்விட்டாள்.

சற்று நேரத்தில் தவசிமணி வந்தான். அளவாக, மச்சம் மாறாமல், முகமெல்லாம் சிரிப்பாக வந்தான்.

"வழியில பாத்தேன் புள்ள. நல்லா நடக்கா."

பேச்சிக்கனி பிள்ளையின் கம்பளிக் குல்லாவை எடுத்துக் கேபிளுக்குள் நீட்டினாள். தோகாவில் அவனுடைய ரூமில் ஏசி குளிர் அதிகம்.