அண்ணன் செய்த ரிப்பேர்

எலக்ட்ரீஷியனின் தங்கை மூன்றாவது மாடியில் போட்ட கத்தல் கீழ்வீடு வரை கேட்டது. காரணம், கிட்டார் சத்தத்தைக் கரகரக்க வைக்கும் ஒரு ஃபஸ் பெடல். அந்தக் காலத்து மாதிரியில் அவள் தன் கையால் செய்த முதல் பெடல். அதை வாசித்துக் காட்டினால் மாலையில் ஓர் இசைக்குழுவில் இடம் கிடைக்கும்.

அதன் உயிரே இரண்டு பழைய ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள்தான். சூடு ஏறினால் செத்துவிடும் என்று, அவற்றின் ஒவ்வொரு கம்பிக்காலையும் இடுக்கியால் பிடித்து, மூச்சடக்கிப் பற்றவைத்திருந்தாள். நேற்று நன்றாகவே கரகரத்தது. கீழ்வீட்டுக்காரர்கள் தூக்கம் கெட்டதே சாட்சி.

இன்று அவள் வேலைக்குப் போயிருந்தபோது, சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி மாதிரி, அண்ணன் மூடியைத் திறந்திருக்கிறார்.

“ஈயம் கொஞ்சமா இருந்துச்சு. பெரிய சால்டரிங் அயர்னை வச்சு நல்லா உருக்கிவிட்டேன்.”

“நான் கேட்டேனா?”

“மீசை முளைச்சதிலிருந்து ஒயரிங் பண்றேன்மா.”

“ஃபேன் மாட்டுறதும் இதுவும் ஒண்ணா? ரெண்டும் வெந்து செத்துப்போச்சு.”

“நல்லதுக்குத்தானேடி செஞ்சான்,” என்றாள் அம்மா.

“கடையில புதுசு வாங்கித் தர்றேன்,” என்றார் அண்ணன்.

“வேண்டாம். நானே செஞ்சதைக் கொண்டுவர்றேன்னு குழுவுல சொல்லியிருக்கேன். கெடுத்தது நீதான்னு அவங்க முன்னாடி வந்து உன் வாயால சொல்லு.”

அண்ணன் அம்மாவைப் பார்த்தார். அம்மா சுவரைப் பார்த்தாள். கடைசியில் செருப்பை மாட்டினார்.

கிட்டாரோடு அவள் விறுவிறுவென்று முன்னால் நடக்க, ஊமையாகிப்போன பெடலைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போனதை, துணி உலர்த்தும் சாக்கில் எல்லா மாடிக்காரர்களும் பார்த்தார்கள்.