பேனாக் கோடு

மாதச் சாமான் வந்ததும், ஒரே அடுப்படியில் என்னோடு தனிச் சமையல் செய்யும் என் ஓரகத்தி தன் கண்ணாடி ஜாடிகளில் பருப்பு, சர்க்கரை, மிளகு என்று நிரப்பினாள். ஒவ்வொன்றிலும் சரக்கு நிற்கும் மட்டத்தில் பேனாவால் கோடு போட்டாள். அந்தக் கோடு எனக்குத்தான். அவள் அலமாரியில் நான் ஒரு சிட்டிகைகூட எடுத்ததில்லை.

அவள் குளிக்கப் போன நேரம், என் பருப்பில் இரண்டு பிடி அள்ளி அவள் ஜாடியில் போட்டேன்.

சமைக்க வந்தவள் ஜாடியோடு என் முன்னால் நின்றாள்.

"இதுல என்ன கலந்த?"

"ஏன்க்கா, குறைஞ்சிருக்கா?"

"கூடியிருக்கு."

"அப்ப யாரும் திருடலையே. நிம்மதியா சமைங்க."

ஜாடிப் பருப்பு மொத்தத்தையும் குப்பைத் தொட்டியில் கொட்டினாள். என் கண் அவளுடைய சர்க்கரை ஜாடிக்குப் போனது. நாளைக்கும் அவள் குளிப்பாள்.