மாப்பிள்ளை இழைத்த மூன்று பலகைகள்

மரப் பட்டறையில் அவளை எல்லோரும் மெஷினக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இழைப்பு மெஷினில் இருபத்திரண்டு வருஷம் நின்றவள். இன்னும் பத்து விரலும் பத்திரமாக இருந்தன. அந்த மெஷினை ஒரு திங்கட்கிழமை காலை முதலாளி தன் மாப்பிள்ளையிடம் ஒப்படைத்தார். அதுவரை சோபாக் கடையில் வாயை வைத்துப் பிழைத்தவர் அவர். இஸ்திரி மடிப்பு கலையாத சட்டையோடு வந்து, கார் வாங்க வந்தவர் மாதிரி மெஷினை மூன்று சுற்று சுற்றினார்.

“இதுல என்னக்கா பெரிய வித்தை? தள்ளினா போகுது. நான் நாலு வீடியோ பாத்துட்டேன்.”

“நாலா? அப்ப நான் எதுக்கு?” என்று அவள் உப்புத்தாள் தேய்க்கும் மேசைக்குப் போய்விட்டாள்.

நூலகம் ஒன்றுக்குப் பத்தடி நீள மேசை செய்ய வேண்டும். அதற்கான ஏழு பலகைகளையும் ஈரச் சுவரில் சாய்த்துவைக்கச் சொன்ன புண்ணியவானும் மாப்பிள்ளைதான். ஏழும் வில்லாக வளைந்திருந்தன. இந்த மெஷினில் பிளேடு தட்டுக்கு அடியிலிருந்து சீவும். அதனால் வளைந்த பலகையைக் குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி வைக்க வேண்டும். அப்போதுதான் இரண்டு முனையும் ஊன்றி நிற்கும், ஆடாது. முனைகள் கொஞ்சங்கொஞ்சமாகச் சீவப்பட்டு, கடைசியில் பலகை முழுக்கத் தட்டையாகும். மாப்பிள்ளையோ மேட்டைத்தானே சீவ வேண்டும் என்று புடைத்த பக்கத்தைக் கீழே போட்டார். பலகை தொட்டிலாய் ஆடியது. முன்பக்கம் அமுக்கினால் பின்பக்கம் எழும்பியது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினார். பிளேடு வளைவை அப்படியே விட்டுவிட்டுக் கனத்தை மட்டும் தின்றது.

‘திருப்பிப் போடுங்க.’ இரண்டே வார்த்தை. அவள் சொல்லவில்லை. அவர் சட்டை நனைவதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு குளிர்ந்தது. இந்த மனுஷனை நம்பி ஒரு முக்காலியில்கூட உட்கார முடியாது என்று நினைத்துக்கொண்டாள்.

மத்தியானத்துக்குள் மூன்று பலகைகள் பாதிக் கனத்துக்கு வந்துவிட்டன. வளைவு மட்டும் மிச்சம்.

“மாமா, மெஷின் கோணல்!” என்றார் மாப்பிள்ளை.

முதலாளி இரும்பு மட்டக்கோலை மெஷின் தட்டின்மேல் வைத்துக் குனிந்து பார்த்தார். இடையில் துளி வெளிச்சம் இல்லை.

“மெஷின் நேராத்தான் இருக்கு, மாப்பிள்ளை.” சீவிய பலகைகளைப் புரட்டிப் பார்த்தவர், அவள் பக்கம் திரும்பினார். “நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்தே?”

“ஆமா.”

“ஒண்ணு கெட்டா அவர் முட்டாள்னு வெச்சுக்கலாம். மூணு கெடுற வரைக்கும் நீ என்ன பண்ணே?”

அவளுக்குச் சுருக்கென்றது. மாப்பிள்ளைமேல் இருந்த இளக்காரம் குறையவில்லை. அதில் ஒரு பங்கு தன்மேலும் விழுந்ததுதான் புதுசு. மரம் அவளுக்கு என்ன கெடுதல் செய்தது?

“மிச்சம் நாலையும் பாதியா அறுத்துக் குடுங்க,” என்றாள். “நீளம் குறைஞ்சா வளைவும் குறையும், சீவினாலும் கனம் நிக்கும். பத்தடி மேசை வராது. அஞ்சடியில ரெண்டு வரும், அகலம் கம்மியா. நூலகத்துல கேளுங்க.”

நூலகர் அம்மாள் போனிலேயே சம்மதித்தார். “ரெண்டா? ரொம்ப நல்லது. பேசிக்கிட்டே இருக்கிறவங்களப் பிரிச்சு உட்கார வைக்கலாம்.”

எட்டுத் துண்டுகளையும் அவளே குழிவு கீழாக வைத்து, அமுக்காமல் தள்ளினாள். நாலைந்து தரம் போனதும் பிளேடின் சத்தம் விட்டுவிட்டு வராமல் ஒரே இழையாக நீண்டது. தட்டையாகிவிட்டது.

மேசைகளை எடுத்துப்போக வந்த நூலகர் அம்மாளிடம் மாப்பிள்ளை சொல்லிக்கொண்டிருந்தார்: “ஒத்த மேசைங்கிறது பழைய ஸ்டைல், மேடம். ரெண்டாப் பிரிக்கணும்னு எனக்கு முதல்லயே தோணுச்சு.”

முதலாளி தொண்டையைச் செருமினார். “நாளையிலேருந்து மாப்பிள்ளை ஆர்டர் பிடிக்க வெளியே போவார். பேச்சுத்தான் அவருக்குக் கைவந்த தொழில்.”

மாப்பிள்ளை அதைப் பதவி உயர்வு என்று எடுத்துக்கொண்டு, அம்மாளோடு கைகுலுக்கினார்.