உரிமையாளர்: ஷாலினி

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, காதில் விழுந்தது. கும்மிடிப்பூண்டி ரயிலில், அனுப்பம்பட்டு வருவதற்குள், எதிரே இருந்த பெண் ஃபோனில் சொன்னாள்: "மாமா, மெம்பர் யாருன்னு மொதல்ல சொல்லுங்க. ஆப்பு வேலைய அப்பறம் பாக்கலாம்." பொன்னேரியில் இறங்கிப் போய்விட்டாள். மீதி நான் கட்டியது.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: 'பழவேற்காடு ஏரியின்மேல் பூநாரைகள் இளஞ்சிவப்பு மேகமாக...'

(நிறுத்திவிட்டேன். பூநாரை பார்க்கக் காரில் வருகிறவர்கள் அந்த வரியை ஏற்கெனவே எழுதிவிட்டார்கள்.)

2

அவளுக்கு ஷாலினி என்று பெயர் வைத்தேன். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் வேலை. அதாவது, மற்றவர்கள் செய்த தவறைக் கண்டுபிடித்துச் சொல்லி அவர்களிடமே திட்டு வாங்குவது. ஊர், ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மீனவக் குப்பம். ஏரியில் யார், என்றைக்கு, எங்கே வலை போடலாம் என்பதற்கு அங்கே முறை உண்டு. அதற்குப் பெயர் பாடு.*

அந்த முறையை ஊர் வாட்ஸப் குழுவில் அறிவித்துவந்தார்கள். ஒருநாள் அறிவிப்பு ஏதோ ஒரு குழந்தையின் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு அடியில் புதைந்துபோனது. மாரியும் பெருமாளும் ஒரே இடத்தில் வலை இறக்க, கைகலப்பில் வலை கிழிந்தது. பெருமாளின் முன்பல்லும் போனது. ஊர்த்தலைவர் பூபதி ஷாலினியைக் கூப்பிட்டு, ஊருக்குச் சொந்தமாக ஒரு ஆப் வேண்டும், நல்லதாகப் பார்த்துச் சொல் என்றார்.

* நான் இதை எழுதப் படும் பாடு வேறு.

3

ஊர்க்கூட்டத்தில் பெண்கள் உட்காருவதில்லை. ஆகவே ஷாலினி மீன் ஏலக்கூடத்தின் வாசலில் நின்றபடி மடிக்கணினியைக் காட்டினாள்.

"மொத ஆப்பு பாக்க நல்லா கீது, தமிழ் வராது. ரெண்டாவதுல ஓட்டு போடலாம், நெறைய பேசறவங்களுக்குப் பதக்கம் தருவாங்க. மூணாவது இலவசம். ஆனா சர்வர் நாமளே வெச்சுக்கணும்."

"சர்வர்னா இன்னா?" என்றார் பூபதி.

"எல்லாத்தையும் சேத்து வெக்கற கம்ப்யூட்டர், மாமா. ராவும் பகலும் ஓடணும்."

"யாரு வூட்ல வெக்கறது?"

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. தன் வீட்டில்தான் என்றான் மாரி. பெருமாள் பல் போன சந்து வழியாகக் காற்றோடு கலந்து ஆட்சேபித்தார். இல்லாத ஒரு பெட்டிக்காக இன்னொரு கூட்டமும் நடந்தது. கடைசியில் பதக்கம்தான் ஜெயித்தது.

"ஊர்க்கூட்டத்தையே இதுல வெச்சிக்கலாம்" என்றார் பூபதி. "சண்டை போட்டாலும் யாருக்கும் பல்லு போவாது."

4

தளத்தை உருவாக்க உட்கார்ந்தாள். முதல் திரையிலேயே கேள்வி: யார் யார் சேரலாம்? ரயிலில் அவள் பூபதியிடம் கேட்டது இதைத்தான்.

"இன்னாம்மா புதுசா கேக்கற? கல்யாணமான ஆம்பளைங்க. வூட்டுக்கு ஒருத்தர்."

ஷாலினியின் நைனா கடலில் போனபின் அவள் வீட்டில் ஆண் இல்லை. அன்றோடு அவர்களுடைய பாடும் நின்றது. அம்மா அம்மணி, ஊராரிடம் மீன் வாங்கிப் பொன்னேரியில் விற்கிறாள்.

(இங்கே ஒரு பத்தி கண்ணீரோடு எழுதியிருந்தேன். 'அம்மணி சேலைத் தலைப்பால் கண்ணை...' வேண்டாம். அந்த நேரத்தில் அவள் ஐஸ்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்திருப்பாள்.)

தளத்தை உருவாக்குகிறவரையே மென்பொருள் 'உரிமையாளர்' என்று எழுதிக்கொண்டது. மற்றவர்கள் விண்ணப்பிக்க வேண்டும். உரிமையாளர் ஏற்க வேண்டும். ஷாலினி முதலில் அம்மணியைச் சேர்த்தாள். அதோடு நிறுத்திக்கொண்டாள். ஊர் ஆண்கள் அத்தனை பேரும் காத்திருப்போர் பட்டியலில் நின்றார்கள்.

5

பூபதி வீட்டுக்கு வந்தார். பழைய வரைவில் அவருக்குப் பெரிய மீசையும் உரத்த குரலும் கொடுத்திருந்தேன். இரண்டையும் பிடுங்கிக்கொண்டேன். நைனாவைத் தேடிப் புயல் ஓய்வதற்கு முன்பே படகெடுத்துப் போனவர் அவர்தான். ஷாலினி அதை மறக்கவில்லை. அதனால்தான் எழுந்து நின்றே பேசினாள்.

"உன் பேர எடுத்துட்டு என் பேர போடும்மா."

"மொதல்ல நீங்க மெம்பர் ஆவணும் மாமா. ஏன் சேர்றீங்கன்னு கேக்குது. காலியா வுட்டா ஏத்துக்காது."

பூபதி திரையையே பார்த்தார். அவரை இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"நான் இந்த ஊருக்காரன். வேற இன்னா காரணம் வேணும்?"

"அம்மாவும் இந்த ஊருதான்."

"என்னைய ஏன்டி இழுக்கற?" என்றாள் அம்மணி. பிறகு காபி டம்ளரை அவர் முன்னால் வைத்தாள். "ஆனா அண்ணே, அவரு போனப்பறமும் இந்த வூடு இங்கதான கீது?"

பூபதி டம்ளரைத் தொடவில்லை. "அம்மணி பேரு இருக்கட்டும். ஆனா பாடு தர்றத ஊர் கூடித்தான் முடிவு பண்ணணும்."

"கூட்டம் இனிமே இதுலதானே மாமா? நீங்கதான சொன்னீங்க."

"நல்லா மாட்டிவுட்ட" என்றார். சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வரைவில் சிரிக்கிறார், மற்றதில் இல்லை. இரண்டிலும் காபியைக் குடித்தார். காரணம் கேட்ட கட்டத்தில் ஒற்றை விரலால் 'ஊர்' என்று தட்டினார்.

6

ஷாலினி அவரை ஏற்றாள். பிறகு காத்திருந்த ஆண்களை. பிறகு ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் அழைப்பு அனுப்பினாள். முதல் ஓட்டெடுப்பு: அம்மணி வீட்டுக்குப் பாடு திரும்பத் தரலாமா?

ஒரு முடிவில் பெண்கள் ஜெயிக்கிறார்கள். அதைப் படித்துப் பார்த்த நண்பர் கைதட்டினார், கிழித்துவிட்டேன். இன்னொன்றில் எல்லோரும் வாட்ஸப்புக்கே திரும்பிப்போய்ப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்கிறார்கள். நடக்கக்கூடியது அதுதான் என்று பயந்து அதை எழுதவே இல்லை.

ஓட்டு எப்படிப் போகிறது என்று பார்க்க நானும் விண்ணப்பித்தேன். ஏன் சேர விரும்புகிறீர்கள்? 'கதையை முடிக்க' என்று எழுதினேன்.

ஷாலினி நிராகரித்துவிட்டாள். கூடவே ஒரு வரி அனுப்பியிருந்தாள்: "முடிக்கறவங்க உள்ள இருக்காங்க சார்."