முக்கால் கிலோ

"தொடாதீங்க! யாரும் கிட்ட வராதீங்க!"

நர்ஸ் போட்ட சத்தத்தில் அவசரப் பிரிவே ஒரு கணம் அப்படியே நின்றது. கட்டிலில் நினைவின்றிக் கிடந்த கிருஷ்ணப்பனின் சட்டைப் பித்தான்களை அவள் பாதிதான் கழற்றியிருந்தாள். பெல்ட்டைத் தளர்த்தப் போன கை, வலது இடுப்பில் எதிலோ இடித்தது. கறுப்புத் தோல் உறை. உள்ளே இருப்பது என்னவென்று அதன் வடிவமே சொன்னது.

"துப்பாக்கிதாங்க. பயப்படாதீங்க, லைசென்ஸ் இருக்குது. எங்க வூட்டுக்காரரோடது," என்றாள் சாலம்மாள்.

"தோட்டா போட்டிருக்கா?"

"எப்பவும் போட்டுத்தான் இருக்கும்."

நர்ஸ் இரண்டடி பின்னால் போனாள். டாக்டர் குனிந்து கிருஷ்ணப்பனின் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார். "ஏம்மா, அதை எடுங்க முதல்ல. நெஞ்சை அழுத்தணும். சீக்கிரம்!"

சாலம்மாளின் கை நீண்டது. உறைக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிட்டது. நான்கு வருஷமாக அவர் சொல்லிச் சொல்லி அவள் கைக்குப் பழக்கிய பயம் அது. 'லைசென்ஸ் எம் பேர்ல. நீ தொட்டா கேஸு. தப்பித்தவறி வெடிச்சா நானும் இல்ல, நீயும் இல்ல.'

"எனக்கு எடுக்கத் தெரியாதுங்க சார்!"

"கேட்ல போலீஸ் இருப்பாங்க, ஓடு!" என்று டாக்டர் யாரையோ விரட்டினார். இண்டூர்க் கடைத்தெருவில் புளி மூட்டை இறக்கிக்கொண்டிருந்த மனுஷன், காலையில் ஆறு இட்லி தின்ற மனுஷன், இதோ உதடு நீலம் பாரித்துக் கிடக்கிறார். இவரைக் காப்பாற்றத்தான் அந்தத் துப்பாக்கியே வந்தது.

இளம்பரிதியை ஏரிக்கரையில் வைத்து வெட்டியதைப் பார்த்த ஒரே ஆள் கிருஷ்ணப்பன். ஏரி மண்ணை லாரி லாரியாக அள்ளியவர்களை எதிர்த்து மனுப் போட்டவன் இளம்பரிதி. இவருக்குச் சித்தப்பா மகன். சாட்சி சொன்னால் அடுத்தது நீதான் என்று வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். சாலம்மாள் அன்றைக்கு ஒரே பிடியாக நின்றாள். "சாட்சி சொல்லுங்க, வேணாங்கல. ஆனா வெறுங்கையோட இந்த வாசப்படி தாண்டினீங்கன்னா எம் பொணத்தைத் தாண்டித்தான் போவணும்."

கலெக்டர் ஆபீசில் லைசென்சுக்கு எழுதிப் போட்ட கையோடு, இருவரும் சேலத்துக்கு பஸ் ஏறினார்கள். துப்பாக்கிக் கடை மாயவன் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த மூன்றைக் காட்டினார். சாலம்மாள் கண்ணாடி மேலேயே விரலை வைத்துத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"ஏம்மா, சேலை எடுக்க வந்த மாதிரி பாக்கறீங்க?"

"சேலை கிழிஞ்சா வேற எடுத்துக்கலாம்ங்க. இவரு எனக்கு ஒருத்தருதான இருக்காரு."

மாயவன் சிரிக்கவில்லை. மேசைக்கு அடியிலிருந்து மூன்று மரக்கட்டைகளை எடுத்து வைத்தார். கண்ணாடிக்குள் இருந்த மூன்றின் அதே உருவம். உள்ளே ஈயம் ஊற்றி அதே எடை. ஒவ்வொன்றின் அடியிலும் சூட்டுக்கோலால் ஓர் எண்.

"எல்லாரும் துப்பாக்கிய கண்ணால பார்த்து எடுத்துடறாங்க. சுமக்கப் போறது இடுப்பு. பத்தே நாள்ல கனமா இருக்குதுன்னு பீரோவுல வெச்சிடுவாங்க. அது எதுக்கு? லைசென்ஸ் வர்ற வரைக்கும் இதுங்கள மாத்தி மாத்திக் கட்டிட்டு நடங்க. மண்வெட்டி புடிங்க, பஸ்ல உக்காருங்க. எது இருக்கறதே மறந்துபோவுதோ அதை வாங்கிக்கலாம். கட்டைங்கள மட்டும் பத்திரமா திருப்பிக் குடுத்துடணும்."

ஒன்றாம் எண், ஆறு குண்டு ரிவால்வர். அதன் உருளை சட்டைக்கு மேலே புடைத்தது. குனிந்தால் விலாவில் குத்தியது. இரண்டாம் எண் கையடக்கம், எடையே இல்லை. அதனாலேயே, இருக்கிறதா விழுந்துவிட்டதா என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஊருக்கே தமுக்கடிக்கறீங்க" என்று சாலம்மாள் திட்டினாள். மூன்றாம் எண், தட்டையான பிஸ்டல். முக்கால் கிலோ. சட்டைக்குள் வைத்தால் வைத்த இடத்தில் கிடந்தது. நாலாம் நாள் அதோடு சாப்பிட்டு, அதோடே கட்டிலில் சாய்ந்து தூங்கிவிட்டார். "இதுதாங்க" என்று தேர்ந்தெடுத்தவள் சாலம்மாள்தான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் மைசூர்பாக்கோடு வந்தார். "லைசென்ஸ் வந்துடுச்சு. கையோட சேலம் போய் வாங்கிட்டன். கட்டையெல்லாம் குடுத்துட்டன்." புதுத் தோல் உறை. பித்தானைத் திறந்து காட்டச் சொன்னதற்குத்தான் அந்த கேஸுப் பேச்சு.

அன்றிலிருந்து தினமும் காலையில் அவர் செருப்பு மாட்டும்போது, சட்டைக்கு மேலாக வலது இடுப்பை ஒருமுறை தொட்டுப் பார்ப்பாள். கெட்டியாக இருக்கும். "ம், போய்ட்டு வாங்க." தேர்தல் வந்தபோது, லைசென்ஸ் துப்பாக்கியெல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்கணும் என்று மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போனார். ஓட்டு எண்ணி முடிகிற வரை, அவர் போகிற இடத்துக்கெல்லாம் சாலம்மாளே கூடப் போனாள். போன ஆவணியில் ஏரி வளைவில் பைக்கில் வந்த இரண்டு பேர் அவரை மறித்தார்கள். அவர் சட்டையை லேசாக விலக்கி உறையின் மேல் கையை வைத்தார். பைக் திரும்பிப் போய்விட்டது. அடுத்த வாரமே கோர்ட்டில் ஏறி, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். அந்தக் கதையைச் சொந்தக்காரர்களிடம் சொல்லும்போதெல்லாம் "நான் பார்த்து எடுத்ததாக்கும்" என்று சேர்த்துக்கொள்வாள் சாலம்மாள். நான்கு வருஷமும் நிம்மதியாகத் தூங்கினாள்.

ஏட்டு பானுமதி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"யாருதுக்கா?"

"எங்க வூட்டுக்காரருதும்மா. சீக்கிரம் எடும்மா, டாக்டரு நிக்கறாரு."

பானுமதி முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு பெல்ட்டோடு சேர்த்து உறையை உருவினாள். அதற்குள் டாக்டர் கட்டிலில் ஏறி முட்டி போட்டுவிட்டார். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணி எண்ணி அழுத்தினார். அழுத்துகிற போதெல்லாம் கிருஷ்ணப்பனின் கை கட்டிலுக்கு வெளியே ஆடியது.

சுவரோரம் இருந்த பெஞ்சில் பானுமதி உறையை வைத்தாள். "தோட்டாவ முதல்ல எடுத்துடறன். நீங்க தள்ளிக்குங்க."

சாலம்மாள் தள்ளிக்கொள்ளவில்லை. பித்தான் திறந்தது. பானுமதியின் விரல்கள் பிடியைப் பற்றி வெளியே இழுத்தன. பாதியில் நின்றன. அவள் அதை எடை பார்ப்பதுபோலக் கையில் தூக்கிப் பிடித்தாள். பிறகு சாலம்மாளைப் பார்த்தாள்.

"அக்கா..."

உள்ளங்கை பட்டுப் பட்டுப் பிடி வழுவழுவென்று மின்னியது. நான்கு வருஷ வியர்வையில் ஊறிக் கறுத்திருந்தது வேப்பங்கட்டை. உறைக்குள்ளிருந்து, பாலித்தீனில் மடித்த ஒரு காகிதமும் விழுந்தது. கலெக்டர் ஆபீஸ் முத்திரை. பானுமதி அதைப் பிரித்து, தேதியைப் படித்தாள். மைசூர்பாக் வந்த அதே மாதம். 'உயிருக்கு அச்சுறுத்தல் இருப்பதாக உறுதி செய்யப்படாததால் மனு நிராகரிக்கப்படுகிறது.'

பின்னால் டாக்டர் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தார். சாலம்மாள் கையை நீட்டி, முதல் தடவையாக, அதை வாங்கிக்கொண்டாள். முக்கால் கிலோ. திருப்பிப் பார்த்தாள். அடியில், சூட்டுக்கோலால் இட்ட மூன்று.